கடல்நாச்சி வாசல் தெளித்தாள்

கப்பலுக்குப் பீரங்கிதான் மீசை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எத்தனை பீரங்கி, குழாய் எவ்வளவு நீளம், குண்டு எத்தனை மைல் போகும் என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு கப்பலுக்கு மரியாதை கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் கடல்நாச்சி என்று ஒரு போர்க்கப்பல் இருந்தாள். எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்காதீர்கள். தண்ணீர் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஒரே மாதிரிதான் உப்பாக இருக்கிறது.

நாச்சிக்கு எட்டுப் பீரங்கிகள். முன்னால் நாலு, பின்னால் நாலு. பின்வரிசையில் முதலில் நின்றவன் பெயர் மூத்தவன். வார்ப்பு ஆலையில் முதலில் பிறந்தவன் அவன்தான் என்பது அவனே சொல்லிக்கொண்ட வரலாறு. மற்ற ஏழு பேரும் மறுத்துப் பேசவில்லை.

மூத்தவனைக் கவனித்துக்கொண்டவர் ஒச்சப்பன் என்ற பீரங்கிக்காரர். உசிலம்பட்டிப் பக்கம். தினமும் காலையில் எண்ணெய்த் துணியோடு வந்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் குழாயைத் துடைத்துவிடுவார்.

"என் மருமகன்களைவிட இவன் தங்கமான பய. வெடிடான்னா வெடிப்பான்" என்பார்.

வெடிப்பான் என்பது உண்மைதான். குண்டு சொன்ன இடத்தில் போய் விழுந்ததா என்பது வேறு சங்கதி. எட்டு மைலுக்கு அப்பால் விழுந்ததை யார் போய்ப் பார்த்தது? கப்பலில் இருந்தவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்கள். தூரத்தில் வெள்ளையாக ஏதோ எழும்பும். "பட்டுச்சு, பட்டுச்சு" என்று கைதட்டுவார்கள். மூத்தவன் குழாயைச் சற்றே உயர்த்திக்கொள்வான்.

அப்படிப் போய்ப் பார்ப்பதற்காகத்தான் ஒருநாள் தும்பி வந்தான்.

தும்பி ஒரு விமானம். மரச்சட்டம், சட்டத்தின் மேல் துணி, துணியின் மேல் வார்னிஷ். மேலும் கீழுமாக இரண்டு சோடி இறக்கைகள். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஓடம் மாதிரி இரண்டு மிதவைகள். அவனை எடுத்துவந்து மூத்தவனுக்குப் பக்கத்திலேயே, கவண் என்று மாலுமிகள் பெயர் வைத்திருந்த உந்துபொறியின் மேல் உட்காரவைத்தார்கள். அது கவண்கல்லை விடுவதுபோல அவனை வானத்தில் எறியும்.

மூத்தவன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா இது? குடையா, கூடாரமா?"

"விமானம் அண்ணே."

"துணியில தச்சதெல்லாம் சண்டைக்கு வந்தா, நாளைக்குத் தையக்காரனைத்தான் தளபதியாப் போடணும்."

ஏழு பீரங்கிகளும் சிரித்த சிரிப்பில் கப்பலின் தகடுகள் அதிர்ந்தன. கடல்நாச்சியின் நடுவில் நின்ற கொடிமரம் மட்டும் சிரிக்கவில்லை. அது பாய்மரங்களின் பழைய பரம்பரை.

"புகைபோக்கி வந்தப்ப எங்க ஆளுங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்றது கொடிமரம். "காத்து இல்லாம, கரியைத் தின்னே கப்பல் ஓடுமாம்னு கேலி பேசுனாங்க. இப்ப என்னைப் பாரு. தலையில வயர்லெஸ் கம்பியைக் கட்டியிருக்கானுங்க. கீழ கோவணம் காயப்போடுறானுங்க."

"அது மரத்தோட தலையெழுத்து. பீரங்கிக்கு அப்படியெல்லாம் வராது" என்றான் மூத்தவன்.

வராது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

முதல் பயிற்சி நாள் வந்தது. தூரத்தில் ஒரு படகு கித்தான் திரை ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் அடிக்கவேண்டும். விமானி ராமானுஜுலுவும் பின்சீட்டில் குப்புராஜும் ஏறிக்கொள்ள, கவண் தும்பியை எறிந்தது. அவன் தண்ணீரைத் தொடப்போகிறவன்போல் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு மேலே போனான். மூத்தவன் முழங்கினான்.

"அண்ணே, இருநூறு கஜம் கிட்டத்துலயே விழுந்துருச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மூத்தவன் மறுபடி முழங்கினான்.

"இப்ப முந்நூறு கஜம் அந்தப் பக்கம். கொஞ்சம் வலது. ஒரு ஆமை தலையைத் தூக்கிக் கோபமாப் பாக்குது."

மூன்றாவதும் தண்ணீரில். நாலாவதும் தண்ணீரில். தும்பி ஒவ்வொன்றையும் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பார்த்ததைச் சொல்வதற்கென்றே செய்யப்பட்டவன் அவன். அவன் சொன்ன கணக்குப்படி ஒச்சப்பன் திருகித் திருகி வைக்க, ஐந்தாவது குண்டு திரையைக் கிழித்தது.

"பாத்தியாடா என் சாமர்த்தியத்தை?" என்றான் மூத்தவன். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். பத்து வருஷமாக அவன் அர்ஜுனன் என்று ஊர் நம்பியிருந்தது. பார்க்க ஆள் இல்லாதவரை எல்லாரும் அர்ஜுனன்தானே.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று அவனுக்குக் காத்திருந்தது. போனவன் திரும்பி வரவேண்டுமல்லவா? எறிந்தால் போய்விடலாம். வந்து இறங்குவதற்கு நாச்சியின் மேல் இடம் இல்லை. தண்ணீரில்தான் இறங்கவேண்டும். நடுக்கடலில் அலை சும்மா இருக்குமா? மரமும் துணியும் அலையில் மோதினால் சுள்ளியும் கந்தலுமாகிவிடும்.

அதற்கு ஒரு வித்தை இருந்தது. நாச்சி வேகமாகப் போய்க்கொண்டே சட்டென்று அரைவட்டமாகத் திரும்புவாள். அவள் உடம்பு அலையை நசுக்கி ஒதுக்கிக்கொண்டே போகும். அவள் திரும்பிய வளைவுக்கு உள்ளே கொஞ்ச நேரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழவென்று கிடக்கும். அந்த இடத்தில் தும்பி இறங்குவான். கேப்டன் தேவசகாயம் இதற்கு ஏதோ நீளமான உத்தரவு வைத்திருந்தார். மாலுமிகள் அதை வாசல் தெளிப்பது என்றார்கள்.

"தும்பி வர்றான், நாச்சி வாசல் தெளிக்கிறா, எல்லாரும் பிடிச்சுக்குங்க" என்று கத்துவார்கள். கப்பல் சாயும். சமையல்கட்டில் பாத்திரங்கள் உருளும். சாம்பார் போய்விடும்.

இறங்கிய தும்பி கப்பலின் வலப்பக்கத்தோடு ஒட்டி வருவான். நாச்சி ஏறக்குறைய நின்றுவிடுவாள். குப்புராஜ் மேல் இறக்கையில் ஏறி நின்று, மேலேயிருந்து தொங்கி வரும் கொக்கியைப் பிடித்து மாட்டவேண்டும். கிரேனை இயக்கியவர் சந்தியாகு. மணப்பாட்டுக்காரர், கையில் நிதானம் உள்ளவர். கிரேனின் கை சுற்றிவர இடம் வேண்டும் என்பதற்காக அந்த நேரத்தில் மூத்தவன் தன்னைத் தாங்கிச் சுழலும் இரும்புக் கூண்டோடு இடப்பக்கம் திரும்பி நிற்கவேண்டும்.

இதுதான் மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்தா, நீ ஏழாயிரம் டன்னு. ஒரு துணிப்பூச்சிக்காக வளைஞ்சு குடுக்கிற. என்னையும் மூஞ்சியைத் திருப்பச் சொல்ற. நல்லாவா இருக்கு?"

"வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு வாசல் தெளிச்சு வைக்கிறதுல என்னப்பா குறைஞ்சு போச்சு?" என்றாள் நாச்சி.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது. சாயங்காலங்களில் தும்பி இறக்கைகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்வான். திமிங்கிலம் குட்டியோடு போனது. மழை ஒரு இடத்தில் மட்டும் தூண்போல் நின்றது. கரையில் ஒரு ஊர்த் தேர் மொட்டைமாடி உயரத்துக்கு ஆடிக்கொண்டு போனது. மூத்தவன் தூங்குகிறவன்போல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

"டேய், மேலேருந்து பாத்தா நம்ம கப்பல் எம்புட்டு இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"வெள்ளரி விதை அளவு அண்ணே."

"நானு?"

தும்பி கொஞ்சம் தயங்கினான். "நீங்க தெரிய மாட்டீங்க அண்ணே."

மூத்தவன் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

மூத்தவனுக்கு ஒரு தெய்வம் உண்டு. கொம்பன். அந்தக் கடற்படையிலேயே பெரிய கப்பலின் பெரிய பீரங்கி. ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம், அவ்வளவு அகலம். ஒருமுறை ஒரே துறைமுகத்தில் மூன்று நாள் பக்கத்தில் நின்றபோது, "நல்லா இருக்கியா தம்பி?" என்று கொம்பன் ஒரு வார்த்தை கேட்டான். அந்த ஒரு வார்த்தையை மூத்தவன் நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

போர் வந்தது.

ஐப்பசி கழிந்து வாடைக்காற்று கிளம்பிவிட்ட ஒரு காலை. கடல் மலையும் பள்ளமுமாக இருந்தது. வடக்கே கொம்பன் இருந்த கப்பலும் அதன் துணைக் கப்பலும் எதிரியைத் தேடிப் போயிருந்தன. அந்த இரண்டு கப்பலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவரத் தும்பியை அனுப்பினார் கேப்டன்.

இரண்டு மணி நேரம் கழித்து வயர்லெஸ் அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. கேப்டன் தேவசகாயம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பீரங்கித் தளத்துக்கு அவரே இறங்கி வந்தார்.

"ஒச்சப்பன், வடக்க போன ரெண்டு கப்பலும் முழுகிருச்சு."

"எந்தக் கப்பல் சார் அடிச்சது?"

"கப்பல் இல்ல. விமானம். அறுபது எழுபது விமானம் சேர்ந்து வந்திருக்கு."

ஒச்சப்பன் கையில் இருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விமானம் எப்படி சார் கொம்பனை முழுக வைக்கும்? நெசமாத்தானா?"

"ரெண்டு தடவை கேட்டுட்டேன்யா. நெசம்தான்."

இதையெல்லாம் மூத்தவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அந்த நேரம் பார்த்து, வலப்பக்கத்தில் அலைகளுக்கு நடுவே எதிரி நீர்மூழ்கியின் கண்குழல் ஒன்று தெரிந்து மறைந்தது. மணி அடித்தது. மூத்தவன் கூண்டோடு வலப்பக்கம் திருப்பப்பட்டான். நாச்சி பாம்புபோல் நெளிந்து நெளிந்து ஓடினாள். நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது நின்ற கப்பல் செத்த கப்பல். அது எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

அப்போதுதான் வடக்கேயிருந்து அந்தச் சின்ன எஞ்சினின் சத்தம் கேட்டது. தும்பி திரும்பி வந்துகொண்டிருந்தான். மேல் இறக்கையில் துணி கிழிந்து படபடத்தது. எஞ்சின் இருமி இருமி ஓடியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது.

கேப்டன் மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பலில் அறுநூறு பேர். வானத்தில் இரண்டு பேர். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் அல்ல அவர். போட மனம் வராமல் நின்றார். பிறகு கிரேன் பக்கம் திரும்பினார்.

"சந்தியாகு, இந்தக் கடல்ல தூக்க எத்தனை நிமிஷம் வேணும்?"

"நாலு நிமிசமாவது வேணும் ஐயா."

"ரெண்டுதான் தருவேன். ஒரே ஒரு தடவை. கொக்கி மாட்டலைன்னா விட்டுட்டுப் போயிருவோம்."

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா துணை ஐயா. ஒரு மட்டம் பாத்துருவோம்."

"ஒச்சப்பன், பீரங்கியை இடது பக்கம் திருப்பு. கிரேனுக்கு வழி விடு."

ஒச்சப்பன் திருப்பினார். திரும்பவில்லை. ஆட்களை வைத்துத் தள்ளினார். அசையவில்லை.

"சுத்த மாட்டேங்குது சார்! பல்சக்கரம் கடிச்சுக்கிருச்சு!"

பல்சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. மூத்தவன்தான் திரும்ப மறுத்தான்.

"என்னப்பா இது?" என்றாள் நாச்சி.

"திரும்ப மாட்டேன் ஆத்தா. வாசலும் தெளிக்காத. அவன் இனம்தான் எங்க கொம்பனைக் கொன்னுருக்கு."

"இவன் செய்யலையே."

"இன்னைக்கு இவன் செய்யல. துணியில இருக்கான், சின்னவனா இருக்கான். நாளைக்கு இரும்புல வருவான். அன்னைக்கு என்னை முழுங்குவான். உன்னையும் முழுங்குவான். எமனுக்கு வாசல் தெளிச்சு வைக்கிற கப்பல் உலகத்துல நீ ஒருத்திதான்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

"முழுங்குற நாள் வரும்போது வரட்டும். இப்ப அவன் கிழிஞ்ச றெக்கையோட, பசியோட வாசல்ல நிக்கிறான். இந்த நேரத்துல சாதகம் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

சொல்லிவிட்டு அவள் சுக்கானை வளைத்தாள். ஏழாயிரம் டன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலைகள் அவள் விலாவில் மோதி நொறுங்கின. நீர்மூழ்கி எந்தத் திசையில் காத்திருந்ததோ, அந்தத் திசைக்கு அவள் தன் முழுநீளத்தையும் காட்டிக்கொண்டு திரும்பினாள்.

வாசல் தெளித்தாகிவிட்டது. மூத்தவன் மட்டும் வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஒச்சப்பன் அவனை மூன்று முறை உதைத்தார், இரண்டு முறை கும்பிட்டார்.

தும்பி மேலே ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அண்ணே!" என்று கத்தினான். "கொம்பனைப் பாத்தேன் அண்ணே. கடைசி வரைக்கும் மேலேயே சுத்திக்கிட்டு இருந்தேன். என்னால ஒண்ணும் செய்ய முடியல."

கூண்டு அசையவில்லை.

"தண்ணி குழாய் வாய்க்கு வர்ற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தாரு அண்ணே."

மூத்தவனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அடித்தொண்டையில், கெஞ்சுவதுபோல் வந்தது.

"குண்டெல்லாம் எங்கடா விழுந்துச்சு?"

ஆட்கள் மாண்ட அன்று கேட்கிற கேள்வியா அது? பீரங்கிக்கு அதுதான் கேள்வி. கொம்பன் சுட்டதில் ஒன்றுகூட ஒரு விமானத்தின் மேலும் படவில்லை. படவும் முடியாது. பறப்பதை அடிப்பதற்கு அவன் செய்யப்படவில்லை. அவ்வளவு பெரிய குண்டுகள் அத்தனையும் வெறும் தண்ணீரில் விழுந்ததைத் தும்பி ஒருவன்தான் மேலேயிருந்து பார்த்தான்.

எஞ்சின் ஒருமுறை நின்று மறுபடி பிடித்தது.

"எல்லாம் குறியிலதான் அண்ணே விழுந்துச்சு" என்றான் தும்பி. "ஒண்ணுகூடத் தப்பல."

இருநூறு கஜம் கிட்டத்தில் என்றும் முந்நூறு கஜம் தூரத்தில் என்றும் முகத்துக்கு நேரே சொன்னவன். நீங்கள் தெரியமாட்டீர்கள் என்று சொன்னவன். அவன் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. பொய் என்று மூத்தவனுக்குத் தெரிந்தது. யாருக்காகச் சொன்னான் என்பதும் தெரிந்தது.

கூண்டு கிறீச்சிட்டது. மூத்தவன் மெல்ல இடப்பக்கம் திரும்பினான்.

"சுத்துது! சுத்துது!" என்று ஒச்சப்பன் கத்தினார். மூன்றாவது உதையில்தான் சக்கரம் விட்டது என்று அதற்குப் பிறகு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

தும்பி இறங்கினான். வழவழப்பான தண்ணீர் அதற்குள் பாதி கலைந்துவிட்டிருந்தது. ஒரு மிதவை அலையில் அடிபட்டு நசுங்கியது. குப்புராஜ் கிழிந்த இறக்கையில் ஏறி நின்று கையை நீட்டினார். கொக்கி ஒருமுறை தவறியது. சந்தியாகு நாக்கைக் கடித்துக்கொண்டு அதை மறுபடி ஆட்டி அனுப்பினார். மாட்டியது. தூக்கினார். தும்பி தளத்துக்கு மேலே தொங்கும்போதே நாச்சி ஓடத் தொடங்கிவிட்டாள்.

நீர்மூழ்கி என்ன செய்துகொண்டிருந்ததோ தெரியாது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கேப்டன் தேவசகாயம் தொப்பியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது.

பொய் சொன்னதற்குத் தும்பி மன்னிப்புக் கேட்கவில்லை. கண்டுபிடித்ததாக மூத்தவனும் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். நல்ல வருஷங்கள். மூத்தவனின் வாய் மட்டும் மாறவில்லை. "பூச்சி", "குடைத்துணி" என்றுதான் கூப்பிடுவான். ஆனால் மழை வந்தால் தன் கூண்டைக் கொஞ்சம் நகர்த்தி, சாரல் தும்பியின் மேல் படாமல் மறைத்துக்கொள்வான். ஒச்சப்பன் காலையில் வந்து பார்த்துவிட்டு, "நேத்து நேரா விட்டுட்டுத்தானே போனேன்?" என்று தலையைச் சொறிவார். தும்பியும் குண்டுகளைப் பார்த்து உள்ளதை உள்ளபடியே சொன்னான். ஒரு பொய்க்கு மேல் அவனால் முடியவில்லை. மூத்தவன் திட்டிக்கொண்டே திருத்திக்கொண்டான். கடைசிக் காலத்தில் மூன்றாவது குண்டிலேயே இலக்கு விழுந்தது. துறைமுகத்துக்குள் போகும்போது இப்போது அவன் குழாயை உயர்த்திக் காட்டுவதில்லை. உயர்த்திக் காட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோது, சட்டம் அடித்த பெட்டிகளோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். கொடிமரத்தின் உச்சியில், கம்பியால் பின்னிய கூடை மாதிரி ஒன்றைப் பொருத்தினார்கள். ரேடார் என்றார்கள். அது சத்தம் போடாமல் சுற்றியது. யாரோடும் பேசவில்லை.

விமானி ராமானுஜுலு கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "சார், இது கப்பலை விட்டு நகராமலே எல்லாத்தையும் பார்த்துடுமாமே?"

"ஆமாம்ப்பா" என்றார் கேப்டன். "மழையில பார்க்குமாம், இருட்டுல பார்க்குமாம். குண்டு எங்க விழுந்ததுன்னு கஜக்கணக்கு சொல்லுமாம். இனிமே தேடுறதுக்கு யாரும் மேல போகவேண்டாம்னு எழுதியிருக்காங்க. கவண், கிரேன், விமானம் மூணையும் இறக்கிடணுமாம்."

"பெரிய விமானக் கப்பல் ஏதாவது ஒண்ணுல இவனைச் சேத்துக்க மாட்டாங்களா சார்?"

"அங்க இருக்கிறதெல்லாம் இரும்பு விமானம். சக்கரம் வச்சு ஓடுறது. இவன் துணி. மிதவையில உக்காருறவன். இவனை வச்சு என்ன செய்வாங்க?"

எங்கே கொண்டுபோவார்கள் என்று ராமானுஜுலு கேட்கவில்லை. கேப்டனும் சொல்லவில்லை.

பீரங்கிகளைப் பற்றி அந்த உத்தரவுத் தாளில் ஒரு வரியும் இல்லை. அவை இருக்கலாம்.

மூத்தவன் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னைக் கழற்றி இறக்கும் நாளைப் பற்றி அவன் எத்தனையோ முறை யோசித்திருக்கிறான். தும்பி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பான், அவனிடம் கடைசியாக என்ன சொல்லவேண்டும் என்றுகூட வைத்திருந்தான். கொடிமரம் ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தான். அது தலையில் புதிய சுமையோடு நின்றது.

மறுநாள் காலையில் சந்தியாகு கிரேனில் ஏறினார். சுழலும் கடலில் இரண்டு நிமிஷத்தில் தூக்கியவர், அசையாத துறைமுகத்தில் இறக்குவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். கீழே பழைய சாமான் லாரியோடு வந்திருந்த மேஸ்திரி கத்தினார்.

"என்னய்யா, முட்டைக் கூடையா இறக்குறீரு?"

"ஆமாவே, முட்டைக் கூடைதான். ஒமக்கு அவசரம்னா நீரு போவும்" என்றார் சந்தியாகு.

நாச்சி கயிறுகளில் கட்டுண்டு கிடந்தாள். அவளால் ஒரு முழம்கூடத் திரும்ப முடியவில்லை. "போயிட்டு வாடா கண்ணு" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. வேறு வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை.

கிரேனின் கைக்கு வழிவிட்டு மூத்தவன் இடப்பக்கம் திரும்பி நின்றான். யாரும் அவனைத் திருப்பவில்லை. ஒச்சப்பன் அவன் குழாயில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மடித்த இறக்கைகளோடு தும்பி மூத்தவனுக்கு நேராகத் தொங்கினான். அந்த இடத்தில் சந்தியாகு கிரேனைக் கொஞ்சம் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

"அண்ணே, நான் உங்களை முழுங்கிருவேன்னு பயந்தீங்களாமே" என்றான் தும்பி. சிரிக்கவைக்கப் பார்த்தான்.

மூத்தவன் முகத்தைத் திருப்பியபடியே சொன்னான்.

"முழுங்கித் தொலைச்சிருக்கலாமேடா. உன் வயித்துல உக்காந்தாவது கூடவே வந்திருப்பேன்."